மழைக்குக் கரையாத மணல்

மார்ச் 3, 2019
என் வீட்டுக்காரர் சஹ்ரோனி போய்ச் சேர்ந்து இருபத்தோரு நாள். சிகரெட்டைத் தொடாத மனுஷன். பங்கால்பினாங் ஆஸ்பத்திரியில் நுரையீரலில் புற்று என்றார்கள். பதினேழு வருடம் வெள்ளீய மணல் கொட்டகையில், அடுப்படியில் நின்று கறுப்பு மணலைக் காயவைத்தவர். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையோடேதான் மகள் யெனியைத் தூக்குவார். அப்போது அவள் சின்னப் பிள்ளை.

மார்ச் 6
முதலாளி ஆ சுக் வந்தார். "அவர் நின்ன இடம் உங்க வீட்டுக்குத்தான் அண்ணி. வேற ஆளு போடல. பொண்ண அனுப்புங்க." இங்கே அதுதான் வழக்கம். யெனிக்குப் பத்தொன்பது வயது. உடனே தலையாட்டிவிட்டாள்.

மார்ச் 11
கொட்டகையில் கதிர்வீச்சு அளக்க வந்த படித்தவர் வீட்டுக்கும் வந்தார். யெனியின் பாய் பக்கம் கருவி டிக்டிக்கென்று பதறியது.
"கதிர் இந்த மணலோடயே பிறந்ததும்மா. தூசி நெஞ்சுக்குள்ள போறது நல்லதில்ல."
"அவர் இதனாலதான் போனாரா?"
"அப்படி என்னால உறுதியா சொல்ல முடியாது."
ஒழுகும் வீட்டில் தரை கரையுதே, கொட்டகைக் கழிவு மணல் கனமாச்சே, கொஞ்சம் கொண்டாங்க என்று போன மழைக்கு யெனி அப்பாவிடம் கேட்டேன். ஏழு மூட்டை கொண்டுவந்து தரையில் பரப்பினார்.

மார்ச் 12
நான்தான் கேட்டேன்.

மார்ச் 15
"மூக்குல துணி கட்டிக்கிறேன்மா."
"உங்கப்பாவும் கட்டினாருடி!"
"அப்ப சோத்துக்கு? மிளகுத் தோட்டமா வச்சிருக்க?"
அறைந்துவிட்டேன். ஐயோ, ஏன் அடிச்சேன்? பிறகு மணலை அள்ளினேன். எங்கே கொட்டுவது? எல்லார் வாசலிலும் அதுதான் கிடக்கிறது.

மார்ச் 22
நாற்பதாம் நாள் ஓதினார்கள். அன்னாசி போட்டு மஞ்சள் மீன்குழம்பு வைத்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன் என்று யெனி எல்லாரிடமும் சொன்னாள்.

மார்ச் 25
அவள் எழும் முன்னே கொட்டகைக்குக் கிளம்பிவிட்டேன்.
"என்ன அண்ணி, பொண்ணு எங்க?"
"வீட்டுக்கு ஒரு இடம்தானே முதலாளி. நான் வந்துட்டேன்."

ஏப்ரல் 9
யெனிக்கு மூன்று நாள் கோபம். இப்போது தணிந்துவிட்டாள். என் வேலைத் துணியைத் துவைக்கக் கேட்கிறாள், நான் கொடுப்பதில்லை. தூசி போக, கொட்டகைக் குழாயடியிலேயே உடுத்தபடி தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருகிறேன்.
"மழையே இல்லையேம்மா, எங்க நனைஞ்ச?" என்று துண்டோடு ஓடிவருகிறாள்.
கிட்ட வராதே, அங்கிருந்தே போடு என்கிறேன்.