ஆமா போட ஆள்

அன்புள்ள அப்பாவுக்கு,

அனுசியா வணக்கத்துடன் எழுதுவது. தொண்டைக் கட்டு விட்டதா? ராஜபாளையம் போனால் மறக்காமல் பனங்கற்கண்டு வாங்குங்கள். மகாராஜபுரம் கோயில் கொடைக்கு விடியும்வரை பாட வேண்டுமே.

அன்றைக்கு வீடியோ காலில் என் கையைப் பார்த்து, "ஏட்டி, என்ன கறுப்பு?" என்று கேட்டீர்கள். மை என்றேன். வில்லின் நாண் அடித்த தடம் என்று சொல்லவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, கையைத் திருப்பிப் பிடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இங்கே லீட்ஸில் ஞாயிறுதோறும் நீளவில் பழகுகிறேன். வில் என்னைவிட உயரம். முதல் நாள் கையில் கொடுத்ததும், நாண் மேலே வரும்படி தரையில் வைத்து, உட்கார்ந்து, இரண்டு அம்புகளால் தட்டிவிட்டேன். சொல்லித்தரும் மார்ட்டின், "அடிக்காதே, இழு" என்று சிரித்தார். நம் வில்லுப்பாட்டைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதே வீடியோ காலில், "ஒன் எடத்துல மாரீஸ்வரி ஒக்காந்து, நான் பாடுற வரிக்கெல்லாம் ஆமா போடுதா. எம்புட்டுச் சத்தம்!" என்றீர்கள். நல்லது என்றேன். ஊருக்கு வந்தால் எனக்கு இடம் இருக்குமா என்று கேட்கவில்லை.

நம் வில்லிலிருந்து கழன்ற மணி ஏதாவது கிடந்தால் அனுப்புங்கள்.

போன ஞாயிறு என் அம்பு முதன்முதலாக இலக்கில் தைத்தது. என்னையறியாமல் "ஆமா!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எங்கள் அப்பா பாடும்போது நான் சொல்வது" என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இந்த ஞாயிறு யாருடைய அம்பு தைத்தாலும் அங்கிருந்த அத்தனை பேரும் "ஆமா" போட்டார்கள்.