பேரிக்காயும் ஒரு சொல்லும்

காம்பன்ஹௌட், 9 பிப்ரவரி 2019

அன்புள்ள ரைன்ஹில்டே,

பெட்டியில் இருப்பவை போன செப்டம்பரில் பறித்த பேரிக்காய்கள். ஒன்றுகூட அழுகவில்லை. பல்கலைக்கழகத்தில் பூஞ்சையோடு குடித்தனம் நடத்துகிறவள் நீ, தொலைபேசியில் என்னிடம் “எப்படிண்ணா?” என்று கேட்கிறாய். சொல்கிறேன். இருட்டறையில் கீரைக்காக வளர்க்கும் சிக்கரிக் குருத்தை வெட்டியபின் மிஞ்சும் வேரைச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுவேன். பழத்தை அதில் ஒரு முக்கு. விற்கும்போது கழுவினால் கசப்பு போய்விடும். மிச்ச வேர் பசுக்களுக்கு. அவை பட்டம் வாங்கியவை அல்ல, கேள்வி கேட்காமல் தின்கின்றன.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாய். உன் நாற்காலியில் பூனை உட்கார்ந்து சாப்பிட்டது.

உன் அண்ணன்,
செர்வாஸ்

லூவன், 2 மே 2019

அன்புள்ள அண்ணா,

உன் வேர்த்தண்ணீரைச் சோதித்தேன். பூஞ்சை கிட்டவே வரவில்லை! கசப்புச் சத்தைத் தனியே பிரித்தெடுக்க ஆய்வுத் திட்டம் ஒன்று கிடைத்துவிட்டது. பயிர்க் கழிவிலிருந்து பயனுள்ளதை எடுப்பவர்களுக்கு மட்டுமே அந்த நிதியுதவி. அதனால் படிவத்தில் ‘மூலப்பொருள்: கழிவு, செர்வாஸின் பண்ணை’ என்று எழுதினேன். கோபப்படாதே, ஒரு சொல்தானே. நான் வேர் எடுக்க வந்த அன்று நீயே “எல்லாம் குப்பைதாம்மா, எடுத்துட்டுப் போ” என்றாய்.

நன்றியுரையில் உன் பெயர் வரும். பூனைக்கு என் அன்பு.

உன் தங்கை,
ரைன்ஹில்டே

காம்பன்ஹௌட், 14 நவம்பர் 2020

அன்புள்ள ரைன்ஹில்டே,

நேற்று உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து சோதனை அதிகாரி ஒருவர் வந்தார். கையில் உன் கட்டுரை. வேர்க்குவியலைக் காட்டி, “இது என்னங்க?” என்றார்.

“வேர்.”

“உங்க தங்கச்சி கழிவுன்னுல்ல எழுதியிருக்காங்க?”

“அவ சின்ன வயசுல என்னையே அப்படித்தான் சொல்வா.”

அவர் சிரிக்கவில்லை. “கழிவை மாட்டுக்குப் போடக்கூடாது. அதுல முக்கின பழத்தை விக்கவும் கூடாது. சேர்த்து வைக்கவே அனுமதி வேணும்.”

ஒரு பேரிக்காயைக் கழுவிக் கொடுத்தேன். காம்பு வரை தின்றார், விரலைத் துடைத்தார், பிறகு நோட்டீஸ் எழுதினார். பதினைந்து நாள் கெடு. அதற்குள், அது கழிவு அல்ல, துணை விளைபொருள் என்று நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம். இல்லையென்றால் குளிரறையில் இருக்கும் இந்த வருடத்துப் பழம் முழுவதும் குழிக்குப் போகும். உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இந்த ஒரு சொல்லை மாற்று.

உன் அண்ணன்,
செர்வாஸ்

லூவன், 3 டிசம்பர் 2020

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அது கழிவு அல்ல என்று நானே எழுதினால், கழிவுக்கான திட்டம் எதை வைத்து நிற்கும்? மார்ச்சில் இறுதி மதிப்பீடு. அதுவரை எப்படியாவது சமாளி.

ஒரு நல்ல செய்தி: எங்கள் வேர்ச்சாற்றுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. புட்டியில் விற்பனைக்கு வருகிறது. உனக்கு இரண்டு இலவசமாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருடம் உன் பழங்களை இதில் முக்கு. சட்டப்படி யாரும் கேட்க முடியாது.

மார்ச்சில் எனக்கு ஒரு விருது தருகிறார்கள். அழைப்பிதழும் படிவமும் வரும். கட்டாயம் வர வேண்டும்.

உன் தங்கை,
ரைன்ஹில்டே

காம்பன்ஹௌட், 7 மார்ச் 2021

அன்புள்ள ரைன்ஹில்டே,

பேரிக்காய்கள் டிசம்பரிலேயே போய்விட்டன. லாரி ஓட்டுநர், “நல்லாத்தானே இருக்கு, ரெண்டு எடுத்துக்கவா?” என்றார். “கழிவுப்பா, தொடாதே” என்றேன். இப்போது எனக்கும் அந்தச் சொல் சரளமாக வருகிறது.

புட்டிகள் வந்து சேர்ந்தன. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். என் வாளித் தண்ணீரின் அதே கசப்பு. நேர்மையான வேலை, பாராட்டுகள்.

விழாவுக்கான படிவமும் வந்தது. என் பெயருக்கு எதிரே, ‘விருதாளருடன் தொடர்பு’ என்ற கட்டத்தை உன் கையெழுத்தில் நீயே நிரப்பி அனுப்பியிருக்கிறாய். திருத்த ஒன்றுமில்லை. ‘வருகை’ என்ற கட்டத்தை மட்டும் நான் நிரப்பினேன்: இல்லை.

நாற்காலியைப் பூனைக்கே கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
செர்வாஸ்
கழிவு வழங்குநர்