ராஜா கட்சி நாத்தனார்

செப்டம்பர் 4, 1815
எங்கள் கார்த்தஹேனா நகரைச் சுற்றி ராஜாவின் படை. நாங்கள் அறிவித்த சுதந்திரத்தைத் திரும்பப் பிடுங்க ஸ்பெயினிலிருந்து கடல் கடந்து கப்பல் கப்பலாக வந்திருக்கிறார்கள். என் கணவர் ஆன்செல்மோ மதில்மேல் பீரங்கியோடு. வீட்டில் நானும் அவர் தங்கை லெயோகாடியாவும். அவள் ராஜா கட்சி. ரொம்ப நாளாக எங்களுக்குள் பேச்சில்லை. இன்று பேசினாள்.
"உங்க குடியரசு எத்தனை நாள் தாங்கும், அண்ணி?"
"உன் ராஜாவைவிட ஒரு நாள் கூடுதலா."

அக்டோபர் 11
மக்காச்சோளம் தீர்ந்தது. கழுதைக்கறிக்கு வரிசை. லெயோகாடியா நிற்க மாட்டாளாம், அது குடியரசின் கழுதையாம். சமைத்ததும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

அக்டோபர் 30
நம் காவலர்கள் வந்தார்கள். ராஜா கட்சிக்காரர்களை மதிலுக்கு வெளியே துரத்துகிறார்கள், சாப்பிடும் வாய் குறையட்டும் என்று. அந்தப் பக்கமும் யாரும் சேர்ப்பதில்லை. சதுப்பிலேயே கிடந்து சாகிறார்கள்.
"இங்க அப்படி யாராவது?"
"இல்லை."
உள்ளே அவள் ராஜாவுக்காக உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தாள்.
"அது யாரு?"
"என் நாத்தனார். காய்ச்சல்ல உளறுறா."
போய்விட்டார்கள். "யாருக்குக் காய்ச்சல்?" என்று சாயங்காலம் வரை சண்டை.

நவம்பர் 11
சுதந்திர நாள். பீரங்கி சுட்டார்கள். விருந்து இல்லை.

நவம்பர் 23
நாற்காலித் தோலை உரித்து வேகவைத்தோம். லெயோகாடியாவுக்குக் கால் வீங்கிவிட்டது, நடக்க முடியவில்லை. தூக்கிக் கட்டிலில் போட்டேன். கனமே இல்லை. எனக்கு ஏன் கோபம் வந்தது?

டிசம்பர் 5
ஆன்செல்மோ வந்தார். மதிலைக் கைவிட்டாச்சு.
"கிளம்பு தோமாசா. நடக்க முடிஞ்சவங்களைத்தான் கப்பல்ல ஏத்துறாங்க."
லெயோகாடியா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "போங்க அண்ணி. என் ஆளுங்க வர்றாங்க, எனக்கென்ன?"
எப்படிப் போறது? ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இல்லாம கிடப்பாளே—
"நீங்க போங்க," என்றேன். "இருந்தா உங்களைச் சுட்டுடுவாங்க."
தங்கையின் நெற்றியில் கை வைத்தார். என்னைக் கட்டிக்கொண்டார். போனார். கப்பலைப் பார்க்க மாடிக்குக் கிளம்பினேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 7
கப்பல்களைப் பற்றிச் சேதி இல்லை. ராஜாவின் சிப்பாய்கள் வந்தார்கள். தெரு நாற்றம் தாங்காமல் ஒருவன் எங்கள் வாசலிலேயே வாந்தியெடுத்தான். இன்னொருவன் எங்களைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கட்டிலருகே ஒரு கிண்ணம் கஞ்சி வைத்துப் போனான்.
லெயோகாடியா அதை முதலில் என்னிடம் நீட்டினாள். "ராஜாவோட கஞ்சி. நீங்கதான் குடிக்க மாட்டீங்களே."
குடித்தேன். "உப்பு பத்தல."
அவளும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.
"ஆமா அண்ணி," என்றாள். "பத்தல."