துப்பாக்கியை மாற்றினார்கள்

அன்புள்ள ஸ்டெல்லா,

நான் சுகம். நீயும் ஜெனியும் சுகமா? அத்தைக்கு இருமல் நின்றதா?

இங்கே புதுத் துப்பாக்கியில் பயிற்சி. நீளத்தைக் குறைப்பதற்காகத் தோட்டாப் பெட்டியையே ட்ரிக்கருக்குப் பின்னால், கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சுட்டதும் காலித் தோட்டா சூடாக வலப்பக்கம் தெறிக்கும். இடக்கைக்காரனான என் கன்னம் அங்கேதான் இருந்தது. சின்னக் கொப்புளம்தான், பயப்படாதே.

கையை மாற்றச் சொல்வார்கள் என்று நினைத்தேன். நிலக்கோட்டைக்கார ஹவில்தார், "செத்த நேரம் பொறு, அப்பு" என்று துப்பாக்கியைக் கழற்றி, இடப்பக்கம் தெறிக்கும்படி மாற்றிக் கொடுத்தார்.

ஜெனியை வலது கையால் எழுத வைக்க ஸ்கேல் எடுப்பதாக எழுதியிருந்தாயே, வேண்டாம். அந்த இடது கையாலேயே 'அப்பா' என்று எழுதி அனுப்பச் சொல். சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உன்
அருள்ராஜ்