லேத்துக்கு உன் அப்பா செய்த ஹோல்டர்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதியும் விட்டேன், ஆனால் உன் அப்பா நலமா இல்லையா என்பது எனக்கே விளங்காமல்தான் இந்தக் கடிதம். நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிப்பயலுக்குச் சளி விட்டதா, தலை ஈரத்தோடு தூங்க வைக்காதே. போனில் பேசலாமே என்பாய், போன் மணி அடித்தால் எனக்கு முன்னால் உன் அப்பா வந்து நிற்கிறார், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் என்ன பேச. அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன முறை நீ வந்திருந்தபோது எப்போது கிளம்புகிறாய், எப்போது கிளம்புகிறாய் என்று ஒரே காலையில் உன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாரே, அதில் நீ பயந்துவிட்டாய். மறதி வந்த மனிதர், சுற்றுகிற கடைசல் இயந்திரத்தில் கையை விட்டுவிட்டால் என்ன ஆவது, லேத்தை விற்றுவிடலாம் என்றாய். நானும் சரி என்று தலையாட்டினேன். நீ பேசி வைத்த ஆள் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். உன் அப்பாவுக்கு இது தெரியாது. எப்படிச் சொல்வது என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருக்கும்போதுதான் இந்த ஹோல்டர் கூத்து ஆரம்பித்தது.

எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். கேட்டுக்கும் அலமாரிக்கும் இரும்பு உருளைகள் கடைகிறார் அல்லவா, கடைந்து முடித்ததும் தண்டிலிருந்து அதைத் துண்டாக்க வேண்டும். இத்தனை நாளும் ஹாக்சா பிளேடால் அறுத்துவிட்டுத் தோள் வலிக்கிறது என்று படுத்துக்கொள்வார். அதற்கென்றே பார்ட்டிங் டூல் என்று ஒரு மெல்லிய தகடு இருக்கிறதாம், சுழலும் தண்டில் பக்கவாட்டிலிருந்து மெதுவாக நுழைத்தால் அறுத்துத் தள்ளிவிடுமாம். தகட்டை வாங்கிவிட்டார், அதைப் பிடித்து நிறுத்துகிற ஹோல்டர்தான் கிடைக்கவில்லை. கடையில் இருப்பதெல்லாம் பெரிய லேத்துக்காம், நம்முடைய குட்டி லேத்தில் உட்காராதாம். நானே செஞ்சுக்கிறேன், நான் கட்டாத வீடா என்று கிளம்பினார். வெல்டிங் கடைக்காரரிடம் ஓர் இரும்புக் கட்டி வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையிலேயே வைத்துக் கோடு போட்டு, அறுத்து, அரம் போட்டு, தகடு உட்கார நீளமாக ஒரு பள்ளம் எடுத்து, மேலே திருகு வைத்து இறுக்குகிற மாதிரி செய்தார். என் தலையணையில்கூட இரும்புத் தூள். நான் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தப் பள்ளத்தில் தகடு ஆடாமல் அசையாமல் நின்றது. இந்த மனிதருக்கா மறதி, நாம்தான் இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொண்டோமா என்று எனக்கு அப்போதே ஒரு குழப்பம்.

லேத்தில் மாட்டிய பிறகு அந்தக் குழப்பம் தலைகீழாகிவிட்டது. தகடு பாதி வரை நல்லபடியாகப் போகும், பிறகு கடகடவென்று லேத்தே உதறும், தண்டு சிக்கி நின்றுவிடும். தப்பித்தவறி அறுத்து முடித்தாலும் நடுவில் ஒரு முளை மிச்சம் நிற்கும். தகட்டின் முனை தண்டின் மையத்துக்கு நேராக நிற்கணும், கீழ இறங்கினா இப்படித்தான் உதறும் என்று வெல்டிங்காரர் சொல்லி, ஒரு சோதனையும் காட்டிவிட்டுப் போனார். முனைக்கும் தண்டுக்கும் நடுவில் ஓர் இரும்பு ஸ்கேலை நெருக்கிப் பிடித்தால் ஸ்கேல் நிமிர்ந்து நிற்க வேண்டுமாம், சாய்ந்தால் உயரம் தப்பாம். வாழ்நாள் முழுவதும் கொத்தனார் வேலை பார்த்தவருக்கு நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க வெறும் கண் போதுமா. தூக்குக்குண்டை எடுத்துவந்து தொங்கவிட்டு, அந்த நூலுக்கு நேராக ஸ்கேலை நிறுத்தினார். லேத்தை ஓட்டினால் மறுபடி கடகட. கழற்றுவார், அரம் போடுவார், மாட்டுவார், தூக்குக்குண்டு தொங்கும், மறுபடி உதறும். தகடுகள் உடைந்ததுதான் மிச்சம். எல்லாம் சரியாத்தானே இருக்கு, எனக்குத்தான் மூளை குழம்பிப்போச்சா என்று என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தானே வெறுத்துப்போய் விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நமக்கு வேலை சுலபம் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததுமே என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நேற்று மாலை லேத்துக்கு விடுகிற எண்ணெய் டப்பா கவிழ்ந்துவிட்டது. நான் பழந்துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன், எண்ணெய் லேத்துக்கு அடியில் புகுந்து பின்சுவர் ஓட்டையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போய் மறிங்க, தண்ணி ஊத்தினா அங்கதானே ஓடும் என்று நான் கத்துகிறேன், அவர் மறிக்காமல் எண்ணெயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு ரசமட்டத்தை எடுத்து லேத்தின் மேல் குறுக்காக வைத்தார், குமிழி ஓர் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. உனக்கு நினைவிருக்கும், அந்தக் கொட்டகை முன்பு நாம் துணி துவைத்த இடம், நீ வாசலிலிருந்து கோலியை விட்டால் தானாக உருண்டு பின்சுவரில் போய் முட்டும், அப்படி வாட்டம் விட்டுப் போட்ட தரை. நீ வந்து போன பிறகு, சத்தம் பொறுக்காமல் நான்தான் லேத்தை முன்னறையிலிருந்து அங்கே மாற்றச் சொன்னேன். லேத்து பின்பக்கம் சாய்ந்து நின்றால் ஸ்கேலும் கூடவே சாய வேண்டுமாம், இவர் தூக்குக்குண்டை நம்பி அதை மட்டும் நிமிர்த்தி நிறுத்த, தகடு மையத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருக்கிறது. ஹோல்டரில் ஒரு குற்றமும் இல்லை. லேத்தின் பின்கால்களுக்கு அடியில் இரும்புத் துண்டுகளைக் கொடுத்து மட்டம் பார்த்து நிறுத்தி, ஸ்கேலை மறுபடி வைத்துப் பார்த்து, தகட்டை மையத்துக்கு உயர்த்தி ஓட்டினார். உதறல் இல்லை. இரும்பு சுருள் சுருளாக வந்தது, வில்லை ஒன்று டிங் என்று தட்டில் விழுந்தது, நடுவில் முளை இல்லை. நான் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டிவிட்டேன்.

அப்போது அவர் தரையைக் காலால் தட்டிக்கொண்டே சொன்னார், எந்த மடையன் போட்ட தரை இது, மட்டம் பாக்கத் தெரியாதவன் என்று. மகளே, அந்தத் தரையைப் போட்டவர் அவர்தான். நீ என் வயிற்றில் இருந்தபோது, தண்ணீர் தேங்கி நான் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று தானே கலவை குழைத்து, தானே வாட்டம் பார்த்துப் போட்டார். கேலிக்குச் சொன்னாரா, மறந்துதான் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டே கேலி பேசுகிறவர் என்பது உனக்கும் தெரியும். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன், பிறகு மிச்ச எண்ணெயைத் துடைக்கக் குனிந்துவிட்டேன். நானா போட்டேன் என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டால் நான் எங்கே போவேன்.

லேத்தை எடுக்க வருவதாக இருந்த ஆளை ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கை நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, அதுவரை எனக்குத் தெரிகிறது. நேற்று விழுந்த வில்லையைத் தாளில் சுற்றி இதோடு அனுப்புகிறேன், குட்டிப்பயல் வாயில் போட்டுவிடப் போகிறான், உயரமான இடத்தில் வை. கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார் போல, முடிக்கிறேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த முறை போன் பண்ணும்போது கொட்டகைத் தரையை யார் போட்டது என்று சும்மா கேட்பது போல அப்பாவிடம் கேள். சிரித்தால் எனக்குச் சொல். சிரிக்காவிட்டால், நீங்கதான் போட்டீங்க அப்பா, அம்மா விழுந்துடக் கூடாதுன்னு போட்டீங்க என்று மெதுவாக அவருக்குச் சொல்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா