உதறல் வகுப்பு

வியாழன்.
காலையிலிருந்து சாரல். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஓரம் தள்ளிப் பாய் விரித்தேன். பிள்ளைகளுக்கு இல்லை, பெரியவர்களுக்கு. கொச்சியிலிருந்து ஒரு டீச்சர் வருகிறாளாம். யானை வந்து எங்கள் லயத்து வீட்டுச் சுவரைத் தள்ளிய பயத்தை, உடம்பை உதறவைத்தே போக்குவாளாம். சுவரைக் கம்பெனி இன்னும் கட்டித் தரவில்லை. பயத்துக்கு மட்டும் ஆள் அனுப்பிவிட்டார்கள்.

தங்கச்சி மெர்சிக்கு அன்றைக்குக் காதுவரை ஏறிய வலது தோள் இன்னும் இறங்கவில்லை. கொழுந்து எடுக்கப் போவதில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வீட்டைக் காலி செய்யணும் என்று சூப்பர்வைசர் சொல்லியாயிற்று. அதற்காகத்தான் அவளையும் இந்தக் கூத்துக்கு வரச் சொன்னேன்.

வெள்ளி.
மழை விட்டது. டீச்சர் வந்தாள். அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை சாக்ஸ். இவள் யானைப் பயத்தைப் போக்குகிறாளாம்.

எல்லாரையும் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கச் சொன்னாள். "உடம்பு தானா நடுங்கும். நடுங்கட்டும், விடுங்க." மார்கழியில் வந்து பார்க்கட்டும், நாங்கள் சும்மாவே நடுங்குவோம்.

மெர்சிக்கு மட்டும் தொடை வெடவெடவென்று ஆடியது. பிறகு தாடை. உபதேசியார் பெண்சாதி, "ஆவி எறங்கிருச்சு, அல்லேலூயா!" என்று அவள் தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தாள். பக்கத்துப் பாய் பேச்சியம்மா, "வந்திருக்கது யாருன்னு கேளுங்க" என்று திருநீறு எடுக்க ஓடினாள். நான் காலை அமுக்கிப் பிடித்தேன். ஆட்டம் நின்றது.

"பிடிக்காதீங்க சேச்சி!" டீச்சர் கத்தினாள். கண்ணில் தண்ணீர் வேறு. வைத்தியம் யாருக்கோ.

மெர்சி தோள் அப்படியே.

சனி.
வெயில். வாங்க வேண்டியது: சோப்பு, உப்பு, அட்டைக்குப் புகையிலைத்தூள்.

மெர்சி பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கும் நீதான்க்கா என்னைய அமுக்கின."

ஆமாம். கட்டிலுக்கடியில் இவள்மேல் படுத்து, வாயைப் பொத்தி, அசையவிடாமல் பிடித்தேன். யானை மூச்சு விடுவது கேட்டது. இவள் கத்தியிருந்தால் இரண்டு பேரும் செத்திருப்போம். சொன்னேன்.

"தெரியும்க்கா. ஆனா நீ இன்னும் என் மேலயே கெடக்க மாதிரி இருக்கு."

காப்பாற்றியதற்கு இதுவா?

ஞாயிறு.
மூடாப்பு. கோயிலுக்குப் போய் வந்தோம். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மெர்சி திடீரென்று தரையில் உட்கார்ந்தாள். தொடை ஆடியது. பிறகு பல்லும். என் கை தானாக நீண்டது. இழுத்து, இரண்டு கையையும் என் தொடைக்கடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். அவள் உடம்பு ரொம்ப நேரம் ஆடியது. பருப்பு தீய்ந்த வாடை. நான் எழுந்திருக்கவில்லை.

கொச்சிக்காரியிடம் சொல்லப்போவதில்லை.

திங்கள்.
மூடுபனி. மெர்சி கொழுந்துக்குப் போய்விட்டாள். தோள் பாதி இறங்கியிருக்கிறது. வாசல்வரை கூடப் போனேன். தொடவில்லை.