பழைய பட்டன்

ஜூலை 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது.

பாழாய்ப்போன காய்ச்சலில் என் மகள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் போய்விட்டது. அந்த மலை ஏற்றத்தில், ஒற்றை ஆளாக, முன்னால் பெட்டி வைத்த மின்சார சைக்கிளில் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறீர்கள். வண்டி கொடுத்தவன் நான். அது எவ்வளவு சுமக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எவ்வளவு சுமப்பீர்கள் என்பதுதான் கவலை.

இங்கே தரை சமம். பள்ளிக்கூடம் என் சைக்கிள் கடைக்கு அடுத்த தெரு. பிள்ளைகளை என்னிடம் விடுங்கள். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

மாமா


ஜூலை 20

மாமாவுக்கு வணக்கம்.

பிள்ளைகளை விட மாட்டேன். நானும் நேராகவே சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள்.

வண்டியைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி வளைவில் ஏற்றம் செங்குத்து. அங்கே இறங்கித் தள்ளுவேன். கைப்பிடியில் இருக்கும் நடை பட்டனை அமுக்கினால் நம் நடைக்கு வண்டி தானே ஏறும், விட்டால் நிற்கும் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். இப்போது நான் அமுக்குவதே இல்லை. அந்த வளைவு வந்ததும் தானாக ஏறுகிறது. வேறெங்கும் இல்லை, அங்கே மட்டும்.

அவளும் அங்கேதான் இறங்கித் தள்ளுவாள்.

நான் இடப் பக்கம் நடக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் வலப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறார்கள். "யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்டேன். "நீங்க உங்க பக்கம் பாத்து நடங்கப்பா" என்கிறாள் பெரியவள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பேயுமில்லை, பிசாசுமில்லை. மழைத் தண்ணீர் இறங்கி, பட்டனுக்குள் ரப்பர் உப்பியிருக்கும். வளைவில் கைப்பிடியைத் திருப்பும்போது அமுங்கிவிடுகிறது. இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாயிற்று.

புதுப் பட்டன் இதோடு வருகிறது. மாட்டிவிட்டுப் பழையதைத் திருப்பி அனுப்புங்கள். பழசு வராமல் கம்பெனிக்காரன் புதுசு தர மாட்டான். மருமகனுக்காக வியாபாரத்தில் வளைந்து கொடுக்கிறவன் இல்லை நான். தானாக ஓடும் வண்டியில் என் பேரப்பிள்ளைகள் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

வலப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அதை விடுங்கள்.

மாமா


ஆகஸ்ட் 9

மாமாவுக்கு,

பழைய பட்டன் வந்து சேர்ந்திருக்கும். புதுசை மாட்டியதிலிருந்து வண்டி சொன்ன பேச்சுக் கேட்கிறது. அமுக்கினால் ஏறுகிறது, விட்டால் நிற்கிறது.

முதல் நாள் வளைவில் நின்றது. சின்னவன் பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டான்: "அம்மாவ எங்க இறக்கி விட்டீங்க?"

அன்றிலிருந்து பெரியவள் வண்டியில் ஏறுவதில்லை. பையை மாட்டிக்கொண்டு முன்னால் தனியாக நடக்கிறாள். என்னோடு பேச்சில்லை.

அந்தப் பழைய பட்டனை அனுப்பிவிடுங்கள் மாமா. ஆபத்து என்பீர்கள். பிரேக்கில் வைத்த கையை எடுக்காமல் நடக்கிறேன். உங்களிடம் இதுவரை நான் எதையும் கேட்டதில்லை.

உங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பட்டனைக் கம்பெனிக்கு அனுப்பவில்லை. பிரித்துப் பார்த்தேன். ரப்பர் உப்பவில்லை, துரு இல்லை, ஒயர் புதுசு மாதிரி இருக்கிறது. கோளாறு என்று வந்த சாமானில் கோளாறே கண்டுபிடிக்காமல் நான் கை கழுவியது இதுதான் முதல் தடவை.

காலையில் கடை திறந்த கையோடு, ஆட்களுக்கு ஓட்டிக் காட்டும் வண்டியில் அதை மாட்டினேன். பட்டறையிலிருந்து வாசலுக்குப் போகும் சந்தில் வண்டி நின்றிருந்தது. நான் தொடவில்லை. நகர்ந்தது. இங்கே மேடுமில்லை, பள்ளமுமில்லை. வலப் பக்கமிருந்து யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல, சுவரில் உரசாமல், சாயாமல் போயிற்று.

எல்லாரும் வண்டியை இடப் பக்கம் நின்றுதான் தள்ளுவார்கள். இந்தச் சந்தில் அது முடியாது, அந்தப் பக்கம் சுவர். கைப்பிடி கழுத்துக்கு எட்டிய வயதில் என் மகள் இங்கேதான் தள்ளப் பழகினாள். அப்புறம் எவ்வளவு அகலமான ரோட்டிலும் அவளுக்கு வலப் பக்கம்தான். "கோணக் கழுதை" என்று திட்டுவேன். "உங்க சந்து கோணல், நான் இல்ல" என்பாள்.

நான் ஒதுங்கி வழி விட்டேன். பயப்படவில்லை என்று எழுதினால் பொய். "எங்கம்மா கிளம்பிட்ட?" என்று வாய் கேட்டுவிட்டது. வாசற்படிக்கு முன்னால் வண்டி நின்றுகொண்டது.

பட்டனை அனுப்ப மாட்டேன் மாப்பிள்ளை. கல்யாணமான பிறகு அவள் இங்கே சேர்ந்தாற்போல ஒரு வாரம் தங்கியதில்லை. கூப்பிடும்போதெல்லாம், "கடையை விட்டு வர உங்களுக்கு நேரமில்ல, பிள்ளைகள விட்டு வர எனக்கு மட்டும் இருக்கா?" என்பாள். பிறந்த வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளோடு வந்து நீங்களே அழைத்துப் போங்கள். வரும்போது எத்தனை பேரோ, போகும்போது அதற்கு ஒரு ஆள் கூடுதலாகத்தான் அனுப்புவேன். பிள்ளைகளை விட்டுப் போகச் சொல்லி இனி என் வாய் திறக்காது.

பெரியவளிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அம்மாவை யாரும் இறக்கி விடவில்லை, தாத்தா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று.

மாமா